பட்டியலில் பெயர் இருக்கிறது, நோட்புக்கில் இல்லை: எழில் மொழிக்கு ஜுபிட்டர் கெர்னல் அமைத்தவர்கள் உதவுங்களேன்

அம்பை கணக்கு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படிகளைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. அதே நியாயம் எனக்கும்.

அம்பாசமுத்திரத்தில் வீட்டு மாடியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர், அத்தனை பேரும் தமிழ் வழி. நான்கு பேர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டிச் சைக்கிளில் வருகிறார்கள். கைவசம் ஐந்து மடிக்கணினிகள் உண்டு. பழைய மாணவர்கள் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியபோது என்னிடம் விட்டுப்போனவை. ஐந்திலும் விண்டோஸ்.

போன வருடம் ஜுபிட்டர் நோட்புக்கில் பைத்தான் சொல்லிக்கொடுத்தேன். நோட்புக் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. மேலே நான் எழுதிய விளக்கம், கீழே ஒரு செல், ஷிஃப்ட்டையும் என்டரையும் சேர்த்துத் தட்டினால் அங்கேயே விடை. கரும்பலகைக்கு இவ்வளவு நெருக்கமாகக் கணினியில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பாதி நேரம் ஆங்கில எழுத்துக் கூட்டலிலேயே போனது. ஒரு பெண் ‘பிரின்ட்’ என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு இருபது நிமிடம் கண் கலங்க உட்கார்ந்திருந்தாள். கணக்கு அவளுக்கு எப்போதோ வந்துவிட்டது. எழுத்துதான் வரவில்லை.

எனவே இந்த வருடம் எழில். முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி அது. பதிப்பி, வரை, முடி, நிரல்பாகம், பின்கொடு என்று எல்லாம் தமிழ்ச் சொற்கள். நிபந்தனையை முதலில் எழுதி, ‘ஆனால்’ என்பதைப் பின்னால் போட வேண்டும். தமிழில் நாம் பேசுகிற வரிசையும் அதுதான். (“டீச்சர், ஆனால் என்றால் என்ன ஆனால்?” என்று ஒருவன் கேட்டான். அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.)

முதல் பயிற்சியாக அணைக் கணக்கை எடுத்தேன். எங்கள் பக்கம் பேப்பரைத் திறந்தால் நீர்மட்டம் பார்க்காமல் யாரும் மூட மாட்டார்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று உச்ச மட்டங்கள் பிள்ளைகளுக்கே மனப்பாடம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

இனி நான் செய்தது. செல்லில் எழுதியதைப் பின்னாலிருந்து ஓட்டிக்கொடுக்கும் நிரலைத்தான் கெர்னல் என்கிறார்கள். ஏற்கனவே உள்ள ஒரு மொழியைச் சுற்றி ‘மேலுறைக் கெர்னல்’ எழுதுவது எப்படி என்று ஜுபிட்டர் ஆவணத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஐபிகெர்னல் தொகுப்பில் உள்ள கெர்னல் வகுப்பிலிருந்து நம்முடைய வகுப்பை உண்டாக்கி, ‘டூ_எக்ஸிக்யூட்’ என்ற ஒரு செயற்கூறை நிரப்பினால் போதும் என்கிறார்கள். செல்லில் உள்ளதை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, எழிலைத் தனி நிரலாகக் கூப்பிட்டு அந்தக் கோப்பை ஓட்டும்படி செய்தேன். பிறகு கெர்னலை எப்படி எழுப்புவது என்று சொல்லும் கெர்னல்.ஜேசன் என்ற குறிப்புக் கோப்பை எழுதி, ஜுபிட்டரின் கெர்னல்கள் இருக்கும் இடத்தில் ஒரு கோப்புறையாக வைத்தேன். விண்டோஸில் அது ஆப்டேட்டா, ரோமிங், ஜுபிட்டர், கெர்னல்ஸ் என்று உள்ளே உள்ளே போகிறது. ஆப்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாலை.

என் சிக்கல்கள்:

என்னுடைய கணினியில் கெர்னல் எழும்புகிறது. இரண்டாவது மடிக்கணினியில் ‘அப்படி ஒரு மாட்யூல் இல்லை’ என்று செத்துப்போனது. அதில் இரண்டு பைத்தான்கள் இருப்பதைப் பார்த்து, கெர்னல்.ஜேசனில் வெறுமனே ‘பைத்தான்’ என்று இருந்த இடத்தில் முழுப் பாதையையும் எழுதினேன். அதோடு நோட்புக்கின் தேர்வுப் பட்டியலிலிருந்தே எழில் காணாமல் போய்விட்டது. ‘ஜுபிட்டர் கெர்னல்ஸ்பெக் லிஸ்ட்’ என்ற கட்டளை கொடுத்தால் மட்டும் பெயர் ஜம்மென்று வருகிறது. இருக்கிறதா, இல்லையா?

எழும்புகிற கணினியிலும், பதிப்பி என்று போட்டால் செல்லுக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. பின்னால் திறந்திருக்கும் கறுப்புச் சாளரத்தில் வருகிறது, அதுவும் தமிழ் எழுத்துகள் சிதைந்து.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. முதல் செல்லில்

பாபநாசம் = 143

என்று எழுதி ஓட்டினோம். அடுத்த செல்லில்

மட்டம் = 100
பதிப்பி பாபநாசம் - மட்டம்

என்று எழுதினால், பாபநாசம் என்றால் என்னவென்றே தெரியாது என்கிறது. “இதற்கு ஞாபகமே இல்லை டீச்சர்” என்றான் பின்வரிசைப் பையன். பைத்தானில் இது நடந்ததே இல்லை. எங்கே தப்பு?

---

பத்தமடைப் பாய் எழுதியது:

வணக்கம் டீச்சர். (பெயரைப் பார்த்து யாரும் என்னை ‘பாய்’ என்று கூப்பிட வேண்டாம். இது கோரைப் பாய்.)

முதல் சிக்கலுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அந்தக் குழியில் நானே விழுந்திருக்கிறேன்.

விண்டோஸ் பாதையில் வருவது பின்சாய்கோடு. அந்தக் கோப்பின் வடிவமான ஜேசனில் பின்சாய்கோட்டுக்குத் தனி வாழ்க்கை கிடையாது. அடுத்து வரும் எழுத்தோடு சேர்த்து ஒரே குறியாகத்தான் அது படிக்கப்படும். உங்கள் பாதையில் சி டிரைவுக்கு அடுத்து ‘யூசர்ஸ்’ வருகிறது அல்லவா? பின்சாய்கோட்டோடு பெரிய எழுத்து ‘யு’ சேர்ந்த குறி ஜேசன் இலக்கணத்திலேயே இல்லை. அந்த ஓர் எழுத்தால் கோப்பு முழுவதும் செல்லாததாகிவிடுகிறது. ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரண்டு முறை எழுதுங்கள், அல்லது எல்லாவற்றையும் முன்சாய்கோடாக மாற்றுங்கள். விண்டோஸ் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்.

அப்படியானால் பட்டியலில் மட்டும் எப்படி வருகிறது? பட்டியல் கட்டளை, கோப்புறைக்குள் கெர்னல்.ஜேசன் என்று ஒரு கோப்பு கிடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதோடு சரி. நோட்புக்தான் அதைத் திறந்து படிக்கிறது. படிக்க முடியாவிட்டால் கறுப்புச் சாளரத்தில் ஓர் எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு அடுத்த கெர்னலுக்குப் போய்விடும். நோட்புக்கைத் தொடங்கிய சாளரத்தை மேலே உருட்டிப் பாருங்கள், கட்டாயம் இருக்கும்.

அதே இடத்தில் இன்னும் இரண்டு குழிகள். விண்டோஸின் பழைய நோட்பேடில் யுடிஎஃப்-8 (தமிழ் போன்ற எழுத்துகளையும் சேமிக்கும் முறை) என்று சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை ஒட்டிவிடும். ஜேசன் படிப்பான் அதைப் பார்த்தாலும் முறைக்கும். அடுத்து, கோப்புறையின் பெயரை ‘எழில்’ என்று தமிழில் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். கோப்புறைப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, புள்ளி, அடிக்கோடு தவிர வேறொன்றும் கூடாது. பிள்ளைகள் பார்க்கும் பெயர் ‘டிஸ்ப்ளே_நேம்’ என்ற புலத்தில் இருப்பது. அங்கே தாராளமாகத் தமிழில் எழுதலாம்.

உண்மையில் ஐந்து கணினிக்கும் கையால் எழுதவே வேண்டாம். பத்து வரியில் ஒரு பைத்தான் நிரல் எழுதி, ‘சிஸ்’ மாட்யூலில் உள்ள ‘எக்ஸிக்யூட்டபிள்’ மதிப்பை எடுத்து ஜேசனாக எழுதச் சொல்லுங்கள். இப்போது ஓடுகிற பைத்தானின் முழுப் பாதை அதில் இருக்கும், பின்சாய்கோட்டை இரட்டிப்பதையும் பைத்தானே பார்த்துக்கொள்ளும். எந்தப் பைத்தானில் எழிலை நிறுவினீர்களோ, அதே பைத்தானால் அந்த நிரலை ஓட்ட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

---

பழைய எக்ஸ்சேஞ்ச் எழுதியது:

டீச்சரம்மா, உங்கள் பின்வரிசைப் பையனுக்கு நூற்றுக்கு நூறு போடுங்கள். நோயின் பெயரை அவன் சரியாகச் சொல்லிவிட்டான்.

நான் பாளையங்கோட்டையில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் எதையும் லைன் பிடித்துப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். நோட்புக் வேறு, கெர்னல் வேறு. நோட்புக் என்பது உலாவியில் தெரிகிற தாள். கெர்னல் என்பது பின்னால் தனியாக உயிரோடு இருக்கும் ஒரு நிரல். இரண்டுக்கும் நடுவே ஐந்து லைன்கள் ஓடுகின்றன. கெர்னல்.ஜேசனில் ‘கனெக்‌ஷன் ஃபைல்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒன்றை எழுதியிருப்பீர்களே, அந்தக் கோப்பில்தான் ஐந்து லைன்களின் எண்களும், வேறு யாரும் நடுவில் புகுந்து பேசாமலிருக்க ஒரு ரகசியச் சாவியும் இருக்கின்றன.

‘ஷெல்’ லைனில் செல் உள்ளே போகிறது. ‘ஐஓபப்’ என்பது திருவிழா ஒலிபெருக்கி மாதிரி. கெர்னல் அதில் கத்துவது இணைந்திருக்கும் எல்லோர் காதிலும் விழும், பதிப்பியின் வெளியீடும் அதில்தான் போக வேண்டும். ‘ஸ்டிடின்’ கெர்னல் நம்மிடம் திருப்பிக் கேள்வி கேட்பதற்கு. ‘கன்ட்ரோல்’ அவசர லைன், நிறுத்து என்று சொல்ல. ஐந்தாவது இதயத்துடிப்பு. ஹலோ என்றால் ஹலோ என்று திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். எங்கள் காலத்தில் லைன் டெஸ்ட் என்போம்.

உங்கள் இரண்டாவது சிக்கல் ஒலிபெருக்கி சம்பந்தப்பட்டது. நீங்கள் தனியாகக் கூப்பிட்ட எழில் நிரலுக்கு ஐஓபப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது தன்னைப் பெற்ற கறுப்புச் சாளரத்தைப் பார்த்துப் பேசுகிறது. அதன் பேச்சை நீங்கள் பிடித்து, கெர்னல் வகுப்பின் ‘சென்ட்_ரெஸ்பான்ஸ்’ வழியாக ‘ஸ்ட்ரீம்’ என்ற வகைச் செய்தியாக ஐஓபப்பில் அனுப்ப வேண்டும்.

மூன்றாவதற்கு வருகிறேன். ஒவ்வொரு செல்லுக்கும் புதிதாக ஓர் ஆளை வாசலுக்குக் கூப்பிட்டுக் கணக்குச் சொல்கிறீர்கள். அவன் போட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். அடுத்த செல்லுக்கு வருகிறவன் வேறு ஆள். பாபநாசம் 143 என்று முந்தினவனிடம் சொன்னது இவனுக்கு எப்படித் தெரியும்? பைத்தான் கெர்னலில் காலையில் வந்தவனே சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறான். கெர்னல் என்பதே அந்த உட்கார்ந்திருக்கிற ஆள்தான். ஜேசன் கோப்பு அவனுடைய முகவரிச் சீட்டு மட்டுமே. நீங்கள் சீட்டை நன்றாக எழுதிவிட்டு ஆளை வைக்க மறந்துவிட்டீர்கள்.

2001இல் ஃபெர்னாண்டோ பெரெஸ் ஐபைத்தானைத் தொடங்கியபோது அது முனையத்தில் ஓடும் பைத்தான்தான். 2011இல் உலாவியில் நோட்புக் வந்தது. 2014இல் மொழிக்குச் சம்பந்தமில்லாத பகுதியைப் பிரித்து ஜுபிட்டர் என்று பெயர் வைத்தார்கள். ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயர் அதற்குள் இருக்கிறது. தாளுக்கு எந்த மொழியும் தெரிய வேண்டாம், உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத் தெரிந்தால் போதும் என்பதால்தான் எழிலுக்கும் அதில் இடம் கிடைக்கிறது.

ஒரு வார்த்தை கூடுதலாக. பிள்ளைகள் நாளை கல்லூரிக்குப் போனால் பைத்தானைத்தான் கேட்பார்கள். எழிலோடு நிறுத்திவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

---

பொருநைக்கரை எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு? குறுக்கு வழி இருக்கிறது. முந்தைய செல்களின் நிரலை எல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்து வைத்துக்கொண்டு, புதிய செல் வரும்போது மொத்தத்தையும் முதலிலிருந்து ஓட்டி, கடைசிச் செல்லின் வெளியீட்டை மட்டும் காட்டினால் போதும். தனி ஆள் தேவையில்லை. நான் ஒரு சின்ன மொழிக்கு இப்படித்தான் செய்தேன், ஓடியது.

---

பழைய எக்ஸ்சேஞ்ச் எழுதியது:

ஓடும் தம்பி, நொண்டிக்கொண்டு ஓடும். முதல் செல்லில் ஒரு சமவாய்ப்பு எண் எடுத்தால், ஒவ்வொரு முறையும் அது வேறு எண்ணாக மாறிவிடும். முதல் செல் ஒரு நிமிடம் எடுத்தால் பத்தாவது செல்லும் அந்த ஒரு நிமிடத்தைச் சுமக்கும். நடுச் செல்லில் பயனரிடம் ஏதாவது கேட்டிருந்தால், ஒவ்வொரு தடவையும் மறுபடி கேட்கும். ஞாபகம் இல்லாதவனுக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் குடும்பக் கதையை முதலிலிருந்து சொல்வது போல.

டீச்சரம்மாவுக்கு நல்ல வழி இருக்கிறது. எழிலே பைத்தானில் எழுதப்பட்டதுதானே? அதைத் தனி நிரலாகக் கூப்பிடாமல் கெர்னலுக்குள்ளேயே இறக்குமதி செய்துவிடலாம். மாறிகள் தங்கும் இடத்தைக் கெர்னல் பிறக்கும்போது ஒரே ஒரு முறை உண்டாக்குங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் படிப்பது, பகுப்பது எல்லாம் புதிதாக இருக்கட்டும், மாறிகளின் இடம் மட்டும் பழையதாகவே இருக்கட்டும். பாதியில் இலக்கணப் பிழையோடு முடிந்த செல்லின் எச்சம் அடுத்த செல்லில் ஒட்டாமலிருக்க இப்படிப் பிரிப்பது அவசியம். எழில் வேறு மொழியில் எழுதப்பட்டிருந்தால் அதன் ஊடாடும் முனையத்தை உயிரோடு வைத்து வரி வரியாக ஊட்ட வேண்டியிருக்கும். பேஷ் என்ற கட்டளை மொழியின் கெர்னல் பெக்ஸ்பெக்ட் என்ற தொகுப்பை வைத்து அப்படித்தான் செய்கிறது. விண்டோஸில் அது தலைவலி. நீங்கள் தப்பித்தீர்கள்.

---

அம்பை கணக்கு டீச்சர் எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். இரண்டு நாள் மின்சாரம் போய்ப் போய் வந்தது, ஒரு நாள் வீட்டு விசேஷம்.

பத்தமடைத் தம்பி சொன்னபடி பின்சாய்கோடுதான் குற்றவாளி. சாளரத்தை மேலே உருட்டினால் எச்சரிக்கை இருந்தது. இத்தனை நாள் என் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. இப்போது ஜேசனை நிரலே எழுதுகிறது. கோப்புறைப் பெயரையும் ஆங்கில எழுத்தாக்கிவிட்டேன். பட்டியலில் ‘எழில்’ என்று தமிழில் தெரிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எக்ஸ்சேஞ்ச் அண்ணாச்சி சொன்னபடி எழிலை உள்ளே கொண்டுவந்து, மாறிகளின் இடத்தை ஒரு முறை மட்டும் உண்டாக்கினேன். இரண்டாவது செல் 43 என்றது. அந்த 43ஐப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம், ஏதோ அணையே நிரம்பியது போல.

வெளியீட்டை முதலில் பைத்தானின் ‘ஸ்ட்ரிங்ஐஓ’வில் சேர்த்து வைத்து, செல் முடிந்ததும் மொத்தமாக அனுப்பினேன். 1 முதல் 20 வரை பதிப்பிக்கச் சொன்னால் பரவாயில்லை. நேரம் எடுக்கும் கணக்கில் கடைசி வரை வெறும் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லாம் ஒரே கொத்தாக விழுந்தது. பிறகு ‘ரைட்’ என்ற ஒரு செயற்கூறு மட்டும் உள்ள சின்ன வகுப்பு ஒன்று எழுதி, வருகிற ஒவ்வொரு துண்டையும் அப்போதே ஐஓபப்பில் அனுப்பச் செய்தேன். இப்போது வரி வரியாக வருகிறது.

எழுத்துச் சிதைவுக்கு மருந்து கெர்னல்.ஜேசனிலேயே இருந்தது. அதில் ‘என்வ்’ என்று ஒரு புலம் உண்டு. அதற்குள் பைத்தானின் யுடிஎஃப்-8 முறையை 1 என்று வைத்தேன். விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணையில் தமிழுக்கு இடமே இல்லாததால், தமிழில் எழுதிய கோப்புகளைப் படிப்பதிலும் வந்துகொண்டிருந்த தகராறு அதோடு நின்றது.

அண்ணாச்சி, பைத்தான் பற்றிச் சொன்னதற்குக் கோபம் இல்லை. பைத்தானுக்குத்தான் கொண்டுபோகப் போகிறேன். முதலில் கணக்கு வரட்டும், எழுத்து தானாக வரும்.

புதிதாக இரண்டு சிக்கல். ஒருவன் இப்படி எழுதினான்:

@( மட்டம் < பாபநாசம் ) வரை
    பதிப்பி மட்டம்
முடி

மட்டத்தைக் கூட்ட மறந்துவிட்டான். 100, 100, 100 என்று செல் நிற்காமல் கொட்டியது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் நிரல் நின்றது, ஆனால் செல் இன்னும் ஓடுகிறது என்று காட்டும் நட்சத்திரம் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டது.

இரண்டாவது, டேப் பொத்தானில் சொல் நிரப்புவது. நானே முக்கியச் சொற்களைப் பட்டியலிட்டு எழுதினேன். ‘பத’ என்று நிறுத்தி டேப் தட்டினால் பதிப்பி வருகிறது. ‘பதி’ என்று தட்டினால் மொத்தப் பட்டியலும் கொட்டுகிறது, அதில் பதிப்பியைத் தேர்ந்தெடுத்தால் செல்லில் ‘பதிபதிப்பி’ என்று விழுகிறது. பிள்ளைகள் இப்போது ஒருவரையொருவர் பதிபதிப்பி என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

---

பத்தமடைப் பாய் எழுதியது:

பதிபதிப்பியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், டீச்சர்.

நிறுத்தம் முதலில். அந்தப் பொத்தானை அழுத்தினால் உங்கள் டூ_எக்ஸிக்யூட்டுக்குள் ‘கீபோர்ட் இன்டரப்ட்’ என்ற விதிவிலக்கு எழும். ‘எக்செப்ட் எக்செப்ஷன்’ என்று எழுதியிருப்பீர்கள், அது இதைப் பிடிக்காது. இது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல, பெயர் சொல்லித் தனியாகப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் மறக்காமல் ஒரு பதிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஷெல் லைனில் பதில் போகாததால்தான் நட்சத்திரம் காத்துக்கொண்டே இருக்கிறது. பிழை வந்தாலும் அப்படியே. ஐஓபப்பில் ‘எரர்’ செய்தியை அனுப்புவதோடு பதிலிலும் நிலை ‘எரர்’ என்று சொல்லுங்கள். ‘ஓகே’ என்று சொல்லிவிட்டால், எல்லாச் செல்லையும் ஓட்டு என்றபோது முதல் செல் உடைந்த பிறகும் மிச்சம் கவலையில்லாமல் ஓடும்.

இனி பதிபதிப்பி. உங்கள் நிரலில் சொல்லைப் பிடிக்க, பின்சாய்கோடும் சிறிய ‘டபிள்யூ’வும் சேர்ந்த குறியைப் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். பைத்தானில் அது எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும் ஏற்கும். தமிழில் நமக்கு ‘தி’ ஓர் எழுத்து. கணினிக்கு அது ‘த’ ஒன்று, இகரக் கொக்கி இன்னொன்று. அந்தக் கொக்கியை யூனிகோடு எழுத்து என்ற வகையில் வைக்கவில்லை, எழுத்தோடு ஒட்டும் குறி என்று தனியாக வைத்திருக்கிறது. புள்ளியும் அப்படியே. ‘பதிப்பி’ நம் கணக்கில் நான்கு எழுத்து, அதன் கணக்கில் ஏழு: ப, த, கொக்கி, ப, புள்ளி, ப, கொக்கி. எனவே ‘பத’ என்றால் சொல்லாகத் தெரிகிறது. ‘பதி’ என்று கொக்கியில் முடிந்ததும், சுட்டிக்கு இடப்பக்கம் சொல்லே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறது. சொல் இல்லை என்றால் எல்லாமே பொருந்தும், தேர்ந்ததை இருக்கிற இடத்திலேயே ஒட்டிவிடும்.

தமிழுக்கான யூனிகோடு பகுதி பத்தடிமான எண்ணில் 2944 முதல் 3071 வரை. அந்த வீச்சையும் உங்கள் தேடலில் சேர்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் ‘கர்சர்_ஸ்டார்ட்’, ‘கர்சர்_எண்ட்’ இரண்டும் இந்த ஏழு கணக்கில்தான் இருக்க வேண்டும். ‘பதி’ என்றால் 0 முதல் 3, 0 முதல் 2 அல்ல.

---

பொருநைக்கரை எழுதியது:

நான் சொன்ன குறுக்கு வழியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என்னுடைய சின்ன மொழியிலும் தமிழ் மாறிகளுக்கு டேப் வேலை செய்யாதது இதனால்தான் என்று இப்போது தெரிகிறது. ஒரு வருடமாக உலாவியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு யோசனை. மற்ற நான்கு கணினிக்கும் இணையம் மெதுவாக இருந்தால், ஒன்றில் ‘பிப் டவுன்லோட்’ கொடுத்து எல்லாத் தொகுப்பையும் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு, மற்றதில் இணையத்தைத் தேடாமல் அந்தக் கோப்புறையிலிருந்து நிறுவச் சொல்லலாம். பைத்தான் பதிப்பும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

---

அம்பை கணக்கு டீச்சர் எழுதியது:

பந்தயத்தில் தம்பி ஜெயித்துவிட்டார், அதே டபிள்யூதான். மாற்றியதும் ‘பதி’ என்றால் ஒரே ஒரு சொல் வருகிறது. பிள்ளைகளுக்கு வருத்தம். நட்சத்திரமும் சரியாகிவிட்டது. ஐந்தில் நான்கு கணினி பென் டிரைவிலேயே முடிந்தது. ஐந்தாவது 32 பிட், அதை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

நேற்று நடந்ததை அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டும். அதே பின்வரிசைப் பையன் மணிமுத்தாறு = 181 என்று எண்ணை மாற்றித் தட்டிவிட்டான். தப்பு என்று தெரிந்ததும் அந்தச் செல்லையே அழித்துவிட்டு, மேலே பழைய செல்லில் 118 என்று இருக்கிறதே என்ற தைரியத்தில் கீழே கணக்குப் போட்டான். விடை 63 அடி தள்ளி வந்தது. செல் தாளில் இல்லை, எண் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. “டீச்சர், இதற்கு இப்போது ஞாபகம் ரொம்ப அதிகம்” என்கிறான்.

---

பழைய எக்ஸ்சேஞ்ச் எழுதியது:

தாளில் அழித்தது உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாது அம்மா, லைனில் யாரும் சொல்லவில்லையே. வகுப்பு முடிந்து மூடுவதற்கு முன் ஒரு தடவை கெர்னலை மறுதொடக்கம் செய்து எல்லாச் செல்லையும் மேலிருந்து ஓட்டும்படி வழக்கப்படுத்திவிடுங்கள். ஐந்தாவது கணினி ஞாயிற்றுக்கிழமை மக்கர் செய்தால் எழுதுங்கள். அன்று அம்பை பக்கம் ஒரு கல்யாணம், வந்து பார்த்துவிட்டே போகிறேன்.